கார் ரிப்பேர் கையேடு போட்ட கம்பெனியிலிருந்து வந்த 'டியூன்'... ஃபிராங்க் ஹெர்பர்ட் கதை தெரியுமா?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிக்கிற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தா, அவங்க பையிலோ கிண்டிலிலோ இப்போ 'டியூன்' இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2021-லும் 2024-லும் டெனி வில்நாவ் எடுத்த படங்கள் வந்த பிறகு, அறுபது வருஷப் பழைய இந்த நாவலை ஒரு புதுத் தலைமுறை தேடிப் படிக்குது. நீங்களும் படம் பார்த்துட்டு ஆசையா புத்தகத்தைத் திறந்து, முதல் ஐம்பது பக்கத்துல வர்ற பேர்களைப் பார்த்து மிரண்டு மூடி வெச்சவரா இருக்கலாம். தப்பே இல்லை. எழுதின மனுஷனோட கதையைக் கேட்டுட்டு இன்னொரு தடவை திறந்து பாருங்க.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1920-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், டகோமாவில் பிறந்தவர். எழுத்தாளர் ஆகணும்னு எட்டு வயசிலேயே வீட்டில் அறிவிச்ச பையன். பத்தொன்பது வயசில், வயசைக் கூட்டிச் சொல்லி ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கொஞ்ச காலம் கடற்படையில் போட்டோகிராஃபர். முதல் கல்யாணம் சில வருஷத்திலேயே முறிஞ்சுபோச்சு. போர் முடிஞ்சு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தப்போ, தான் எழுதினதை ஏற்கெனவே பத்திரிகைக்கு விற்றிருந்த இன்னொருத்தர் அந்த வகுப்பில் இருந்தாங்க. பெவர்லி ஸ்டூவர்ட். 1946-லேயே கல்யாணம். டிகிரியை மட்டும் ஹெர்பர்ட் கடைசி வரை முடிக்கவே இல்லை. பிடிச்ச பாடத்தை மட்டும்தான் படிப்பேன்னு இருந்துட்டார்.

அடுத்த பத்து வருஷத்தை வேகமா தாண்டிடலாம். பத்திரிகை வேலை, ஊர் மாற்றம், பணக் கஷ்டம், நடுவில் 1956-ல் நீர்மூழ்கிக் கப்பலை வெச்சு ஒரு நாவல். பேர் கிடைச்சது, பெரிசா காசு வரலை.

1957-ல் ஆரெகன் கடற்கரையில் இருக்கிற ஃபுளாரன்ஸ் என்ற சின்ன ஊருக்கு ஒரு கட்டுரைக்காகப் போனார். அங்கே காற்றில் நகர்ற மணல் குன்றுகள் ரோட்டையும் கட்டடங்களையும் மூடிக்கிட்டு இருந்தன. அமெரிக்க விவசாயத் துறை, ஒரு வகைப் புல்லை நட்டு அந்த மணலைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு இருந்தது. சின்ன விமானம் ஒண்ணை வாடகைக்கு எடுத்து, மேலே பறந்து பார்த்தார் ஹெர்பர்ட். கீழே கடல் அலை மாதிரியே மணலும் அலை அலையா நகருது, மெதுவா. அந்தக் கட்டுரை கடைசி வரை அச்சில் வரவே இல்லை.

ஆனா மனுஷன் விடலை. புல்லை நட்டு ஒரு நிலத்தையே மாற்ற முடியும்னா, ஒரு முழு கிரகத்தை? பாலைவன மக்கள் தண்ணியை எப்படிச் சேமிக்கிறாங்க? பாலைவனத்தில் ஏன் இத்தனை மதங்கள் பிறந்தன? பஞ்சத்தில் இருக்கிற மக்கள் ஏன் ஒரு ரட்சகனுக்காகக் காத்திருக்காங்க? படிச்சார், குறிப்பு எடுத்தார், எழுதினார்... ஆறு வருஷத்துக்கு மேல். படத்தில் வியர்வையைக் குடிநீரா மாற்றும் அந்த உடையைப் பார்த்தீங்கல்ல? அந்தக் கற்பனைக்கு வேர் இந்த வருஷங்கள்ல இருக்கு. நாவலையும் வறண்ட நிலங்களில் வேலை செய்யும் சூழலியலாளர்களுக்குத்தான் சமர்ப்பணம் செஞ்சிருக்கார்.

அந்த வருஷங்களில் வீட்டுக்கு அரிசி பருப்பு யார் வாங்கினதுன்னு கேட்டா, பதில் பெவர்லி. தன்னோட எழுத்தாசையை ஓரமா வெச்சுட்டு, பெரிய துணிக்கடைகளுக்கு விளம்பரம் எழுதும் முழுநேர வேலைக்குப் போனாங்க. வேலை முடிஞ்சு வந்து, அவர் அன்னிக்கு எழுதினதை வாசிச்சுக் காட்டக் கேட்டு அபிப்பிராயமும் சொல்வாங்க. பசங்களுக்கு அப்பா அவ்வளவு இனிமையானவர் இல்லை. வீட்டில் ஒரு பொய் கண்டறியும் கருவி வெச்சு மகன்களை விசாரிச்சிருக்கார்னு மூத்த மகன் பிரையன் பின்னாளில் எழுதினார். நாவலில் பொய்யை மோப்பம் பிடிக்கும் பெண்கள் வர்ற இடத்தில் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

'அனலாக்' இதழில் 1963-லிருந்து 1965 வரை இரண்டு தொடர்களா கதை வெளிவந்தது. வாசகர்களுக்குப் பிடிச்சுது. ஆனா புத்தகமாப் போட இருபது பதிப்பாளர்கள்கிட்ட அலைஞ்சும் யாரும் தயாரா இல்லை. ரொம்ப நீளம், ஆரம்பம் மெதுவா நகருது... காரணத்துக்கா பஞ்சம்? கடைசியில் கை கொடுத்தது ஃபிலடெல்ஃபியாவின் சில்ட்டன் நிறுவனம். கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர் போன கம்பெனி! அங்கே எடிட்டரா இருந்த ஸ்டெர்லிங் லேனியர் தொடரைப் படிச்சு அசந்துபோய், 7,500 டாலர் முன்பணம் கொடுத்தார். 1965-ல் புத்தகம் வந்தது. கிட்டத்தட்ட ஆறு டாலர் விலை, அந்தக் காலத்துக்கு அதிகம். ஆரம்பத்தில் விற்பனை மந்தம். லேனியருக்கு வேலையே போச்சு. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப வருத்தம் அவர் மேலதான். புத்தகமோ ஹியூகோ விருதையும், முதன்முதலா கொடுக்கப்பட்ட நெபுலா நாவல் விருதையும் வாங்கிச்சு.

விருது வாங்கினா வாழ்க்கை செட்டில்னு நினைக்காதீங்க. 1968 வரை நாவல் மூலம் கிடைச்சது சுமார் 20,000 டாலர். ஹெர்பர்ட் மறுபடி பத்திரிகை வேலைக்குத்தான் போனார். பத்திரிகையை விட்டு முழுநேர நாவலாசிரியர் ஆனது 1972-ல், அம்பது வயசைத் தாண்டின பிறகு.

இதுக்கு நடுவில்தான் அவர் வாசகர்களோட மல்லுக்கட்டினார். பால் அட்ரெய்டிஸை எல்லாரும் ஹீரோவாகக் கொண்டாடினாங்க. ஹெர்பர்ட்டோ அந்தப் பாத்திரத்தையே ஓர் எச்சரிக்கையா படைச்சிருந்தார். கவர்ச்சியான தலைவன் கையில் ஜனங்க யோசிக்கிற வேலையை ஒப்படைச்சா என்ன ஆகும்னு காட்டுறது அவர் எண்ணம். அதனால 1969-ல் 'டியூன் மெசையா' எழுதி, தன் ஹீரோவைத் தானே உடைச்சார். முதல் கதையை ஆசையா வெளியிட்ட 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், இதைத் தொடரா போட மறுத்துட்டார். அவருக்கு வேண்டியது ஜெயிக்கிற நாயகன். முதல் நாவலோட நிறுத்தினவங்க கேம்ப்பெல் பக்கம் நிற்கிறீங்க. தயவுசெஞ்சு இரண்டாவதையும் படிச்சிடுங்க, சின்ன புத்தகம்தான்.

பணம் ஒழுங்கா வர ஆரம்பிச்ச நேரத்தில், 1974-ல் பெவர்லிக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. அதுக்கு அப்புறம் பத்து வருஷம் இருந்தாங்க, ஆனா உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அவங்களுக்கு வெதுவெதுப்பான காற்று வேணும்னு ஹவாயின் மாவி தீவில் வீடு கட்டினார். 1984 பிப்ரவரியில் பெவர்லி அங்கேயே இறந்தாங்க. அதே வருஷம் டிசம்பரில் டேவிட் லிஞ்ச் எடுத்த 'டியூன்' படம் திரைக்கு வந்து தோற்றது. பெவர்லி அதைப் பார்க்கலை.

1985-ல் ஆறாவது நாவல், 'சாப்டர்ஹவுஸ்: டியூன்'. அடுத்த பிப்ரவரியில், கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கிட்டு இருந்த ஹெர்பர்ட் 65 வயசில் போய்ச் சேர்ந்தார். கதை பாதியில் நிற்குது. அந்த ஆறாவது புத்தகம் வரைக்கும் வந்தீங்கன்னா, கதை முடிஞ்சதும் உடனே மூடி வெச்சுடாதீங்க. அதுக்கு அப்புறம் சில பக்கங்கள் இருக்கு. அதில் மணல் புழு கிடையாது, சண்டை கிடையாது. பெவர்லியோட வாழ்ந்த வருஷங்களைப் பற்றியும் அவங்க கடைசி நாள்களைப் பற்றியும் எழுதியிருக்கார்.