வ. வே. சு. ஐயர்

வ. வே. சு. ஐயர் என்று அறியப்படும் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (1881 - 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், தமிழ் எழுத்தாளரும், மொழிபெயர்ப்பாளரும் ஆவார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். வெளிநாட்டிலிருந்து துப்பாக்கிகளை வாங்கி வந்து ஆயுதப் புரட்சி செய்ய முயன்ற தலைமுறையைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் அவ்வழியைக் கைவிட்டுக் காந்தியின் இயக்கத்தில் இணைந்தார்.

பிறப்பும் கல்வியும்

ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியான வரகனேரியில் பிறந்தார். தந்தை வேங்கடேச ஐயர். தாய் காமாட்சி அம்மாள். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றபின், வழக்குரைஞர் தேர்வில் தேறித் திருச்சியில் தொழில் நடத்தினார். இவருடைய மனைவி பாக்கியலட்சுமி. 1906ஆம் ஆண்டில் பர்மாவின் அன்றைய தலைநகரான இரங்கூனுக்குச் சென்றார். பின்னாளில் சென்னை மாகாண அமைச்சராக விளங்கிய மருத்துவர் தி. சே. சௌ. இராஜன் அங்கு இவருடைய நண்பரானார்.

இலண்டன் வாழ்க்கை

பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற ஐயர் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா நிறுவிய இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் விடுதியில் விநாயக தாமோதர் சாவர்க்கரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. அங்கு இயங்கிய இரகசியச் சங்கத்தில் சாவர்க்கருக்கு அடுத்த நிலையில் இவர் இருந்தார். தேர்வில் தேறியபோதும், பிரித்தானிய அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் பாரிஸ்டர் பட்டத்தை இவர் பெறவில்லை.

இறக்குமதித் துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் ஒருவர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாக இருந்தது. ஐரோப்பியர்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இந்த வேறுபாட்டை இந்தியத் தேசியவாதிகள் பெரும் அவமதிப்பாகக் கருதினர். ஆனால் இலண்டனில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கு 10 ஷில்லிங் கட்டணம் செலுத்தி அஞ்சலகத்திலேயே துப்பாக்கி உரிமம் பெற முடிந்தது. 1903ஆம் ஆண்டின் கைத்துப்பாக்கிச் சட்டம் வயது போன்ற சில கட்டுப்பாடுகளை மட்டுமே விதித்தது. தாய்நாட்டில் தமக்கு மறுக்கப்பட்ட ஆயுதத்தை இந்திய மாணவர் ஒருவர் ஆட்சியாளரின் தலைநகரிலேயே கடையில் வாங்க முடிந்தது.

அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியாகும். அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த இது, பெல்ஜியம் நாட்டின் லீயேஜ் நகருக்கு அருகிலுள்ள எர்ஸ்டால் தொழிற்சாலையில் 1900ஆம் ஆண்டு முதல் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டது. குண்டு வெளியேறும்போது எழும் விசை துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி வெற்றுத் தோட்டாவை வெளியேற்றும். சுருள்வில் அப்பகுதியை முன்னுக்குக் கொணரும்போது அடுத்த தோட்டா தானே உள்ளே ஏறும். விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு குண்டு பாயும். இதனால் இது அரைத் தானியங்கி வகையைச் சேர்ந்தது. தட்டையாகவும் சிறியதாகவும் இருந்ததால் சட்டைப்பைக்குள் மறைத்து வைப்பதும் எளிதாயிற்று.

1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைச் சாவர்க்கர் இந்தியாவிற்கு அனுப்பினார். இந்தியா ஹவுஸ் விடுதியில் சமையல் பணி செய்த சதுர்புஜ் அமீன் என்பவர் அவற்றைப் பெட்டியின் இரட்டை அடித்தட்டில் மறைத்து மும்பைக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் ஒன்றினால் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் மாவட்ட ஆட்சியர் ஜாக்சன், அனந்த் கன்ஹேரே என்னும் இளைஞரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்கு முன்னரே, 1909 ஜூலை 1 அன்று, மதன்லால் திங்ரா இலண்டனில் கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றார். திங்ரா தம் கோல்ட் கைத்துப்பாக்கியை இலண்டன் கடை ஒன்றில் 3 பவுண்டு 5 ஷில்லிங்கிற்கு வாங்கியதும், டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலிருந்த களத்தில் சுடப் பழகியதும் வழக்கு விசாரணையில் வெளிவந்தன. அவர் 1909 ஆகத்து 17 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் இலண்டன்வாழ் இந்தியர்கள் நடத்திய விசயதசமி விருந்திற்குக் காந்தி தலைமை தாங்கினார், சாவர்க்கரும் உரையாற்றினார். அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவிற்குத் திரும்பும் கப்பலில் காந்தி எழுதிய இந்திய சுயராச்சியம் என்னும் நூல், வன்முறை வழியை நம்பிய இத்தகைய இந்தியர்களுக்கான மறுமொழியாகவே அமைந்தது.

புதுச்சேரியில்

1910 மார்ச்சு மாதத்தில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். தம்மையும் கைது செய்வர் என்று உணர்ந்த ஐயர் பாரிசுக்குத் தப்பிச் சென்றார். பின்னர் மாறுவேடத்தில் பயணம் செய்து, 1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியை அடைந்தார். சுப்பிரமணிய பாரதியார், அரவிந்தர் ஆகியோர் ஏற்கனவே அங்குத் தஞ்சம் புகுந்திருந்தனர். பிரித்தானிய இந்தியாவின் ஆயுதச் சட்டம் அப்போது இங்குச் செல்லவில்லை. எனவே ஐரோப்பாவிலிருந்து ஆயுதங்களைத் தருவிப்பதற்கு ஏற்ற துறைமுகமாகப் புரட்சியாளர்கள் புதுச்சேரியைக் கருதினர். இளைஞர்களுக்கு ஐயர் துப்பாக்கி சுடும் பயிற்சி அளித்ததாக ரௌலட் குழுவின் 1918ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது.

மணியாச்சி நிகழ்வு

ஐயரிடம் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறை ஊழியரான இவர், நீலகண்ட பிரம்மச்சாரி தோற்றுவித்த பாரத மாதா சங்கத்தின் உறுப்பினர். 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கினார்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி தொடருந்துச் சந்திப்பில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைக் காண அவர் சென்றுகொண்டிருந்தார். வாஞ்சிநாதன் அப்பெட்டிக்குள் ஏறி, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டார். பின்னர் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். ஆஷ் வழியிலேயே உயிரிழந்தார்.

1908ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கு எதிராகவும், திருநெல்வேலி எழுச்சியை அடக்குவதிலும் ஆஷ் செயல்பட்டது இக்கொலைக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டலை எதிர்த்ததோடு, சனாதன தருமத்தைக் காப்பதையும் நோக்கமாகக் குறிப்பிட்டது. இதனால் இந்நிகழ்வைத் தூய தேசபக்திச் செயலாக மட்டும் கொள்ளலாகாது என்று வாதிடுவோரும் உளர்.

நிகழ்வைத் தொடர்ந்து 14 பேர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் சதி வழக்கு நடைபெற்றது. 1912ஆம் ஆண்டில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தேடப்பட்டவர்களுள் தர்மராஜ ஐயர், வேங்கடேசுவர ஐயர் ஆகிய இருவர் தற்கொலை செய்துகொண்டனர். ஐயரைக் கைது செய்யவும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. புதுச்சேரியில் இருந்ததால் அவர் பிடிபடவில்லை. ஆனால் பிரித்தானிய ஒற்றர்கள் அந்நகரில் நிறைந்தனர். அங்குத் தங்கும் அயலார் ஐந்து கௌரவ நீதிபதிகளின் கையொப்பம் பெறவேண்டும் என்ற விதியும் வந்தது. தமிழகத்தில் ஆயுதப் புரட்சி முயற்சி இத்துடன் பெரும்பாலும் முடிவுற்றது.

எழுத்துப் பணி

எல்லையைத் தாண்ட இயலாத இந்த ஆண்டுகளில் ஐயர் தமிழ் இலக்கியத்தில் ஈடுபட்டார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நெப்போலியன், கரிபால்டி முதலியோரின் வரலாறுகளை எழுதினார். கம்ப நிலையம் என்னும் பதிப்பகத்தை நடத்தினார். 1915ஆம் ஆண்டில் வெளிவந்த இவருடைய குளத்தங்கரை அரசமரம் தமிழின் முதல் சிறுகதை எனப் பலரால் குறிப்பிடப்படுகிறது. இக்கதை தாகூரின் வங்காளக் கதையொன்றின் தழுவல் என்ற கருத்தும் உண்டு. மங்கையர்க்கரசியின் காதல் என்பது இவருடைய சிறுகதைத் தொகுப்பாகும்.

ஆயுத வழியிலிருந்து விலகல்

முதல் உலகப் போருக்குப் பின் அரசு அறிவித்த பொதுமன்னிப்பைத் தொடர்ந்து ஐயர் 1920ஆம் ஆண்டில் தமிழகம் திரும்பினார். அதற்குள் காந்தியின் அறவழியை ஏற்றிருந்தார். சென்னையில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். அதில் வெளியான கட்டுரை ஒன்றிற்காக 1921ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டு, 9 மாதங்கள் பெல்லாரிச் சிறையில் இருந்தார். துப்பாக்கிப் பயிற்சி அளித்தபோது பிடிபடாத ஐயர், ஓர் எழுத்துக்காகவே சிறை புகுந்தார். கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வு நூலை அச்சிறையில் எழுதினார்.

சேரன்மாதேவி குருகுலம்

விடுதலைக்குப் பின் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை ஐயர் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரசு இதற்கு 5,000 ரூபாய் வழங்கியிருந்தது. பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது தெரியவந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வரதராசுலு நாயுடு, பெரியார் ஈ. வெ. இராமசாமி ஆகியோர் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். பொதுப் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் சாதி வேற்றுமை கூடாது என்பது அவர்களுடைய வாதம். பெரியார் 1925ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரசிலிருந்து வெளியேறியதற்கு இச்சிக்கலும் ஒரு காரணமாகும்.

மறைவு

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவர்களுடன் பாபநாசம் மலையிலுள்ள கல்யாண தீர்த்த அருவிக்குச் சென்றார். அங்கு நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்ற முயன்று அவரும் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

மதிப்பீடு

ஐயர் எவரையும் சுட்டதாகச் செய்தி இல்லை. ஆயினும் அவரிடம் பயின்றவரின் கையிலிருந்த துப்பாக்கியால் மணியாச்சியில் இரு உயிர்கள் போயின. வெளிநாட்டில் எளிதில் கிடைத்த ஆயுதம் இளைஞர்களின் துணிவிற்குத் துணைநின்றதேயன்றி, மக்கள் இயக்கம் ஒன்றை உருவாக்கவில்லை. பின்னர் ஐயரே தேர்ந்துகொண்ட வழி இதற்குச் சான்றாகிறது. அவரைப் புரட்சியாளராக அறிந்தோரைக் காட்டிலும், எழுத்தாளராக அறிந்தோரே இன்று மிகுதி. வரகனேரியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக உள்ளது. மணியாச்சித் தொடருந்து நிலையம் வாஞ்சி மணியாச்சி என்று பெயர் மாற்றப்பட்டுள்ளது.