மகுடம் மறுக்கப்பட்ட மாவீரர் சாம் லாங்போர்டு

குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றோரின் பெயர்களைப் பலரும் அறிவர். ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பே மறுக்கப்பட்ட ஒருவரைப் பற்றி இந்த வெள்ளி விழா மலரில் எழுத விழைகிறோம். அவர்தாம் சாம் லாங்போர்டு.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் வெய்மவுத் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, பின் கனடாவில் குடியேறிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல் அவர். தந்தையின் கொடுமை தாளாது இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறிப் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கு மருந்துக்கடை நடத்திவந்த ஜோ உட்மன் என்பவர், தமது குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் அவருக்குத் துப்புரவு வேலை கொடுத்தார். துடைப்பம் பிடித்த அதே கை, விரைவிலேயே அங்கு கையுறையும் அணிந்தது.

1903 டிசம்பரில், லைட்வெயிட் பிரிவின் உலக வீரராக விளங்கிய ஜோ கேன்ஸை லாங்போர்டு வென்றார். எடை வரம்பை அவர் தாண்டியிருந்தமையால் பட்டம் கைமாறவில்லை. சுமார் 5 அடி 7 அங்குல உயரமே உடைய அவர், தம்மினும் நெடியவர்களையும் பருத்தவர்களையும் தயங்காது எதிர்த்தார். 1906 ஏப்ரலில் ஜாக் ஜான்சனிடம் 15 சுற்றுகள் நின்று தோற்றார்.

அந்த ஜான்சன்தான் 1908 டிசம்பரில் சிட்னி நகரில் வென்று, முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக வீரரானார். இனித் தமக்கும் வழி திறக்கும் என லாங்போர்டு நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் எத்தனை முறை அறைகூவல் விடுத்தும் ஜான்சன் இசையவில்லை. 1913இல் பாரிஸில் ஜிம் ஜான்சன் என்னும் மற்றொரு கறுப்பினத்தவரோடு மோதியவர், லாங்போர்டுக்கு மட்டும் அவ்வாய்ப்பைத் தரவில்லை. தம் இனத்தவரே கதவைச் சாத்தியது நமக்கு வேதனை தருகிறது. 1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்தபின், 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை வேறெந்தக் கறுப்பினத்தவருக்கும் அப்பட்டத்துக்கான வாய்ப்புக் கிட்டவில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத விதி அது. எழுதப்படாத விதிகளின் வலிமையை நம் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் உலக வீரரான ஜாக் டெம்ப்சி, இளமையில் லாங்போர்டுக்கு அஞ்சி ஒதுங்கியதைத் தாமே ஒப்புக்கொண்டார்.

ஆகவே கறுப்பின வீரர்கள் தமக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோதிப் பிழைக்க வேண்டியதாயிற்று. ஹாரி வில்ஸ் ஒருவரோடு மட்டும் லாங்போர்டு 15 முறைக்கு மேல் மோதினார். உடம்பு எத்தனை அடியைத்தான் தாங்கும்?

1917 ஜூனில் பாஸ்டனில் ஃபிரெட் ஃபுல்டன் என்னும் நெட்டை வீரரோடு நடந்த போட்டியில் லாங்போர்டின் இடக்கண் பார்வை பறிபோயிற்று. அன்றே அவர் மேடையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் சேமிப்பும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. எஞ்சிய கண்ணும் மங்கிவர, எதிரியை உடலோடு உடல் உரசும் அளவுக்கு நெருங்கித் தொடு உணர்வால் இடமறிந்து குத்தினார். 1922 ஜூனில் அட்லாண்டாவில், ஏறத்தாழக் குருடரான நிலையில், டைகர் ஃபிளவர்ஸை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார். அந்த ஃபிளவர்ஸ்தான் 1926இல் மிடில்வெயிட் உலக வீரரானார். 1923இல் மெக்சிகோ நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தையும் லாங்போர்டு வென்றார். 1926இல் அவரது ஆட்டம் முடிவுற்றது.

கண்ணின்றியும் வென்றார் என்று இதனைப் போற்றுவோர் உளர். அவர் வீரத்தை நாமும் வணங்குகிறோம்; எனினும் முழு மனத்தோடு கைதட்ட இயலவில்லை. உரிய காலத்தில் ஒரே ஒரு பட்டப் போட்டி கிடைத்திருப்பின், ஒற்றைக் கண்ணோடு ஒன்பதாண்டுகள் அடி வாங்க அவருக்கு நேர்ந்திராது என்றே கருதுகிறோம்.

உலகம் அவரை மறந்தது. 1944இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஓர் இருண்ட அறையில், பார்வையற்று வறுமையில் வாடியவரைப் பத்திரிகையாளர் ஆல் லேனி தேடிக் கண்டு எழுதினார். படித்தோர் அனுப்பிய தொகை 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைக் கொண்டு அவருக்கு வாழ்நாள் உதவித்தொகை ஏற்படுத்தினர். 1955இல், உலகப் பட்டம் பெறாதவராயினும், குத்துச்சண்டைப் புகழ்வீரர் வரிசையில் அவர் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் காலமானார்.