ஏழையின் மாடிப்படி ஏறிய பேராசிரியர்

நாம் குடியேறி வாழும் இப்பெருநகரங்களிலே கத்தோலிக்கக் கோயில் எதற்கேனும் சென்றிருப்பீர்களாயின், புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பெயர் பொறித்த உண்டியல் ஒன்றைக் கண்டிருக்கக்கூடும். அந்தப் பங்கைச் சேர்ந்த கணக்கர், ஆசிரியர், தொழிலாளர் முதலியோர் தவறாது கூடி, இருவர் இருவராக ஏழைகளின் இல்லம் தேடிச் செல்லும் சபை அது. பங்கு என்பது ஒரு கோயிலையும் அதனைச் சார்ந்த குடும்பங்களையும் சேர்த்துக் குறிப்பது. வின்சென்ட் என்பார் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் குரு. சபைக்குப் பெயராக அமைந்தவரேயன்றி அதனைத் தொடங்கியவர் அல்லர். தொடங்கியோர் ஒரு பத்திரிகை ஆசிரியரும் ஆறு மாணவர்களும் ஆவர். அம்மாணவருள் புகழால் உயர்ந்து நிற்பவர் பிரெடரிக் ஓஸானாம்.

ஓஸானாம் 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இத்தாலியிலுள்ள மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர். சில ஆண்டுகளில் குடும்பம் தாயகம் திரும்பி, லியோன் நகரில் தங்கிற்று. பிறந்த பதினான்கு மக்களுள் பெரும்பாலோர் இளமையிலேயே மாண்டனர். தந்தையார் மருத்துவர், ஏழைகளிடம் பொருள் பெறாமலே நோய் தீர்த்தவர். பின்னாளில், 1837-இல், நோயாளி ஒருவரைக் காணச் சென்ற இடத்திலே படிக்கட்டில் தவறி விழுந்து உயிர் துறந்தார். லியோன் பட்டு நெசவாளரின் நகரம். ஐரோப்பாவின் செல்வர் உடுத்த பட்டை நெய்த அவர்கள், கூலி போதாமல் 1831-இலும் 1834-இலும் கிளர்ந்தெழுந்தனர். படையைக் கொண்டு அடக்கப்பட்டனர். ஓஸானாம் தம் வாழ்நாள் முழுவதும் தொழிலாளர் கூலியைப் பற்றிச் சிந்தித்ததற்கு இவ்வூரே காரணம் என்பது என் துணிபு.

1831-இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். வயது பதினெட்டு, முன்பின் அறியாத நகரம். ஊரை விட்டு வந்த முதல் மாதங்கள் எத்தகையவை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. அவருக்குத் தம் இல்லத்தில் இடம் தந்தவர் அறிஞர் ஆம்பியர். அதே லியோன் நகரத்தவர். மின்னோட்டத்தை அளக்க நம் வீட்டுச் சுவர்ப்பெட்டியில் எழுதியிருக்கும் ஆம்பியர் என்ற அளவு இவர் பெயரால் ஆயதே. வெளியூரிலே ஊர்க்காரர் ஒருவர் கதவைத் திறந்தது ஓஸானாமின் பெரும்பேறு.

அடுத்த ஆண்டு பாரிசில் வாந்திபேதி பரவியது. 18,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியும் மடிந்தவர் நெருக்கடியான சந்துகளில் வாழ்ந்த ஏழைகளே. இந்நிலையில் மாணவர் சிலர் கூடி, சமயமும் வரலாறும் பற்றிச் சொற்போர் நிகழ்த்தி வந்தனர். கிறிஸ்தவம் முற்காலத்தில் செய்த தொண்டுகளை ஓஸானாம் எடுத்துரைத்தபோது, எதிரணி மாணவர் ஒருவர், பழம்பெருமை இருக்கட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வது யாது என வினவினார். அவ்வினாவுக்குச் சொல்லால் விடையில்லை என்பதை ஓஸானாம் உணர்ந்தார். தமது குளிர்கால விறகில் எஞ்சியதை அவரும் நண்பர் ஒருவரும் சுமந்து சென்று ஓர் ஏழைக்குக் கொடுத்ததாகக் கூறுவர்.

1833 ஏப்ரல் 23-ஆம் நாள், தமது இருபதாம் பிறந்தநாளன்று, நண்பர் ஐவருடன் பெய்யி என்னும் பத்திரிகை ஆசிரியரின் அலுவலகத்தில் கூடினார். மூத்தவரான பெய்யியே தலைவர். ஏழைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பினரேயன்றி, எவ்வீட்டுக்குச் செல்வது, எதைக் கொடுப்பது என்பதை அம்மாணவர் அறியார். அதனைக் கற்பித்தவர் ரொசாலி ரெந்து என்னும் கன்னியாஸ்திரீ. முப்தார் தெருப் பகுதியில் பல்லாண்டு உழைத்து, ஒவ்வொரு வீட்டின் துன்பத்தையும் அறிந்திருந்தவர் அவர். செல்லவேண்டிய குடும்பங்களின் பெயர்களையும், ரொட்டிக்கும் விறகுக்கும் உரிய சீட்டுகளையும் அவரே அளித்தார். புகழெல்லாம் ஓஸானாமுக்குப் போய்விட்டது. இந்த அம்மையாரை நினைப்போர் சிலரே.

கொடுப்பதோடு அவர்கள் நின்றாரல்லர். உட்கார்ந்து பேசுவர், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பர். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, பிள்ளைகளோடு துன்புற்ற பெண்ணொருத்திக்கு ஓஸானாமின் உதவி கிடைத்தது. அத்திருமணம் சட்டப்படி செல்லாதது என்று அவர் கண்டறிந்து, அவள் விடுதலை பெறவும் சொந்த ஊர் போய்ச் சேரவும் வழி செய்தார். ரொட்டிச் சீட்டினால் ஆகாத காரியம் சட்டப் படிப்பினால் ஆயிற்று.

ஓராண்டு சென்றதும் உறுப்பினர் நூற்றுக்கு மேற்பட்டனர். சபையைப் பிரிக்கவேண்டும் என்று ஓஸானாம் கூறியபோது கடும் வாதம் எழுந்தது; நட்பினால் கூடியவர்கள் பிரிய மனம் ஒப்பவில்லை. முடிவில் 1835-இல் பங்குக்கு ஒரு கிளை என்ற முறை வந்தது. இம்முறையே சபையைக் காத்தது. தெருவை அறிந்தவர் அத்தெருவிலேயே தொண்டு செய்யலாயினர். பாரிசில் பயின்று ஊர் திரும்பியவர் தம் ஊரில் புதுக்கிளை தொடங்கினர். ரோம், அயர்லாந்து, அமெரிக்கா என ஓஸானாமின் காலத்திலேயே பரவிற்று. இன்று 150-க்கு மேற்பட்ட நாடுகளில் உள்ளது.

ஓஸானாம் 1836-இல் சட்டத்திலும், மகாகவி தாந்தேயை ஆராய்ந்து 1839-இல் இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தபோது, கூலியானது தொழிலாளியின் வயிற்றுக்கு மட்டுமன்றி, பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் போதியதாக இருத்தல் வேண்டும் என்று வகுப்பிலே விளக்கினார். அன்று இது துணிவான பேச்சு. பின்னர்ப் பாரிஸ் சொர்போன் கழகத்தில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியரானார். 1841-இல் அமெலியை மணந்தார். 1845-இல் மரீ என்னும் மகள் பிறந்தாள்.

ஒரு புத்தாண்டு நாள். தாம் அறிந்த ஏழைக் குடும்பம் ஒன்று, மணநாளில் வந்த அலமாரியை அடகு வைத்திருப்பது அவர் நினைவுக்கு வந்தது. மீட்டுத் தரலாமா என மனைவியைக் கேட்டார். அவ்வம்மையார் தக்க காரணங்கள் கூறித் தடுத்தார், இவரும் இசைந்தார். மாலையில் மகளுக்கு வந்து குவிந்த பொம்மைகளைக் கண்டதும் முகம் வாடிற்று. அப்போதே எழுந்து சென்று, அலமாரியை மீட்டுக் கொடுத்துவிட்டு மகிழ்வோடு திரும்பினார். அமெலி கூறிய காரணங்களும் தவறானவை அல்ல. குடும்பம் நடத்துவோர் அறிவர்.

1848 பிப்ரவரிப் புரட்சிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, திருச்சபை செல்வர் பக்கம் நில்லாது எளிய மக்கள் பக்கம் செல்லவேண்டும் என ஓஸானாம் எழுதியிருந்தார். பலர் சினந்தனர். ஜூன் மாதம் வேலையிழந்த தொழிலாளர் தெருக்களில் தடுப்பரண் எழுப்பினர். ஓஸானாம் அரசின் தேசியக் காவற்படையில் பணியாற்றினார். மனமோ இருபுறமும் நின்றது. இரு நண்பருடன் அதிமேற்றிராணியார் அஃப்ரை அணுகி, சமாதானம் பேச வேண்டினார். அவரும் உடன்பட்டார். தாமும் உடன்வர அவர்கள் விரும்பியபோது, காவற்படைச் சீருடை வேண்டாவென்று தடுத்துத் தனியே சென்றார். தடுப்பரண் அருகே குண்டு பாய்ந்தது. ஜூன் 27 அன்று இறந்தார். வேண்டியழைத்த ஓஸானாமுக்கு அது ஆறாத் துயராயிற்று.

ஆயினும் அவர் தொழிலாளரைச் சபிக்கவில்லை. நண்பர்களோடு நடத்திய நாளிதழில், கலகம் அடங்கினும் வறுமை அடங்கவில்லை என்று தொடர்ந்து எழுதினார். பிச்சையிடுவது பசியைச் சில நாள் தள்ளிப்போடும். பசிக்குக் காரணமான அநீதியை நீக்குவது வேறு வேலை. இரண்டும் வேண்டும் என்பதே அவர் கொள்கை. வாங்குவோர் குறைந்து அவ்விதழ் 1849-இல் நின்றது.

உடல் தளர்ந்தது. 1852-இல், பேராசிரியர் வரவில்லையென மாணவர் கூச்சலிடுவதாகக் கேட்டுப் படுக்கையினின்று எழுந்து சென்று பாடம் நடத்தினார். அதுவே கடைசிப் பாடம். நலம் நாடி இத்தாலிக் கடற்கரையில் தங்கியவர், தாய்மண்ணில் இறக்க விரும்பிக் கப்பலேறி, 1853 செப்டம்பர் 8-ஆம் நாள் மார்சேயில் காலமானார். வயது நாற்பது. 1997-இல் போப் இரண்டாம் ஜான் பால், பாரிஸ் நோத்ரு தாம் பேராலயத்தில் அவருக்கு முத்திப்பேறு பெற்றோர் பட்டம் அளித்தார். அமெலி 1894 வரை வாழ்ந்தார். பாரிசில் கார்மேல் கோயிலின் நிலவறையில் ஓஸானாமின் கல்லறை இருக்கிறது. கோயிலைச் சுற்றிலும் இன்று ஒரு பல்கலைக்கழகம். மாணவர்கள் அதன் அருகே வகுப்புக்குப் போய் வருகின்றனர்.