பெர்த்தா போபாத்: குழந்தைகளுக்கான பிசியோதெரபியை மாற்றிய ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியை

பிசியோதெரபி படிக்கும் நண்பர் யாராவது இருந்தால், 'போபாத்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சை முறை என்பார். அந்தப் பெயருக்குப் பின்னால், நாட்டைவிட்டு உயிர் பிழைத்து வந்த ஒரு பெண்ணும் அவர் கணவரும் இருக்கிறார்கள்.

பெர்த்தா 1907இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். படித்தது மருத்துவம் இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸ். உடலைத் தளர்த்துவது எப்படி, ஓர் அசைவு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கவனிப்பது எப்படி என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். 1938இல் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி லண்டன் வந்தார். மருத்துவர் காரெல் போபாத் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். 1941இல் இருவரும் மணந்துகொண்டனர்.

ஓவியர் தந்த திருப்பம்

1940களில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த ஓர் ஓவியருக்குப் பெர்த்தா சிகிச்சை கொடுத்தார். அப்போ வழக்கம் என்ன தெரியுமா? மசாஜ் செய்வது, இறுகிய தசையை இழுத்து நீட்டுவது. பெர்த்தா அதை விட்டுவிட்டு, உடலின் நிலையை மாற்றி மாற்றி அசைத்துப் பார்த்தார். இறுக்கம் தளர்ந்தது. இறுக்கம் நிரந்தரமானது என்று நம்பிய காலம் அது!

இதையே பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிடமும் செய்தார். இந்தப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை தசையில் தொடங்குவதில்லை. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால், தசைகளுக்குப் போகும் கட்டளை மாறிவிடுகிறது. அமெரிக்காவில் விந்த்ரோப் ஃபெல்ப்ஸ் போன்ற எலும்பு மருத்துவர்கள் கால்களுக்கு பிரேஸ் மாட்டி, தசைகளைத் தனித்தனியாகப் பயிற்றுவித்தனர். பெர்த்தா முழு உடலையும் பார்த்தார். தோள், இடுப்பு, தலை ஆகிய இடங்களில் கைவைத்து வழிநடத்தினால் கைகால்களின் இறுக்கமும் மாறுகிறது என்றார். அவர் கையால் கண்டுபிடித்ததற்குக் காரெல் நரம்பியல் விளக்கம் தேடினார்.

பெர்த்தா பிசியோதெரபிஸ்டாகத் தகுதி பெற்றது 1950இல்தான். மறு ஆண்டே லண்டனில் தம்பதியின் சிகிச்சை நிலையம் தொடங்கியது. அவர்களுடன் பணியாற்றிய நான்சி ஃபின்னி, 1968இல் பெற்றோருக்காக ஒரு கையேடு எழுதினார். கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் குழந்தையை, கால்களை அகட்டி இடுப்பில் உட்காரவைத்துத் தூக்குவது போன்ற யோசனைகள் அதில் உண்டு. நம்ம பாட்டிகள் பிள்ளை தூக்கும் விதம்தான், இல்லையா?

அதே காலத்தில் மற்றவர்கள்?

செக் நாட்டு நரம்பியல் மருத்துவர் வாஸ்லாவ் வோய்த்தா வேறு வழியில் போனார். குழந்தையைக் குறிப்பிட்ட நிலையில் படுக்கவைத்து, உடலின் சில புள்ளிகளை அழுத்துவார். உருளுதல், தவழுதல் போன்ற அசைவுகள் தானாகத் தூண்டப்படும். வீட்டில் பெற்றோரே தினமும் பல முறை செய்ய வேண்டும். குழந்தை பெரும்பாலும் அழும். அதைக் கேட்டுக்கொண்டே செய்வது பெற்றோருக்கு லேசில்லை.

புடாபெஸ்டில் அந்த்ராஷ் பெத்தோ இதைச் சிகிச்சை என்பதைவிடக் கல்வி என்றே பார்த்தார். பிள்ளைகள் குழுவாக, எண்ணிக்கொண்டும் பாடிக்கொண்டும் பயிற்சி செய்தனர். பெர்த்தாவிடம் வேலை செய்தது சிகிச்சையாளரின் கை, பெத்தோவிடம் பிள்ளையின் சொந்த முயற்சி.

அந்த வித்தியாசம் பெர்த்தாவையும் விடவில்லை. ஆரம்பத்தில் அவர் பிள்ளைகளை அசையாத நிலைகளில் பிடித்து வைத்து இறுக்கத்தைக் குறைத்தார். சிகிச்சை அறையில் தளர்ந்த பிள்ளை, சட்டை மாட்டும்போது மறுபடி இறுகியது. அதனால் முறையை மாற்றினார். பிள்ளை தானே அசைய இடம் கொடுத்தார், அன்றாட வேலைகளைச் சேர்த்தார். என் பார்வையில், அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

1978இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்பிஇ விருது வழங்கியது. பெர்த்தாவும் காரெலும் 1991 ஜனவரியில் ஒரே நாளில் காலமானார்கள்.

2013இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுத் தொகுப்பு, பெர்த்தாவின் மூல முறையைப் பரிந்துரைக்கவில்லை. பிள்ளைக்கு வேண்டிய ஒரு வேலையை, பிள்ளையே திரும்பத் திரும்பச் செய்து பழகும் பயிற்சிக்கே அதிக ஆதாரம் இருப்பதாக அது சொன்னது. கரண்டியைப் பிடிப்பது, படி ஏறுவது மாதிரி.