மிளகாய்க்குள் ஒரு புதையல்: டாக்டர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி

வாழைக்காயை அரிந்து சிறிது நேரம் வெளியில் வைத்தால் கறுத்துப் போகும். அதனால்தான் நம் வீடுகளில் அரிந்தவுடன் தண்ணீரில் போடுகிறார்கள். ஆப்பிளும் உருளைக்கிழங்கும் அப்படியே. ஆனால் எலுமிச்சம் பழத்தை நறுக்கி வைத்தால் காய்ந்து போகுமே தவிரப் பழுப்பேறுவதில்லை. இதைக் காணாதவர் நம்மில் யாருமில்லை. கண்டு, ஏன் என்று கேட்டு, அந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே ஏறக்குறையப் பத்தாண்டுகள் நாடு நாடாக அலைந்தவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் டாக்டர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. வைட்டமின் சி என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் பொருளைப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் அவரே.

அவர் 1893 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தாய்வழியில் அது கற்றோர் குடும்பம். பாட்டனாரும் தாய்மாமனும் உடற்கூற்றியல் பேராசிரியர்கள். ஆனால் சிறுவன் ஆல்பர்ட்டுக்குப் பதினாறு வயது வரை படிப்பில் நாட்டமில்லை. இவன் மூளைக்கு ஆராய்ச்சி ஒத்துவராது என்று தாய்மாமனே தீர்மானித்துவிட்டார். பிறகு திடீரென்று புத்தகப் பித்துப் பிடித்தது. பள்ளி இறுதி வகுப்பைச் சிறப்பாக முடித்து, 1911 இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

படிப்பு முடியுமுன் முதல் உலகப் போர் மூண்டது. இராணுவ மருத்துவப் பணியில் ரஷ்யப் போர்முனைக்குச் சென்றார்; வீரத்துக்கான வெள்ளிப் பதக்கமும் பெற்றார். ஆனால் கண்ணெதிரே இளைஞர்கள் வீணாக மடிவதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்து, 1916 இல் தம் இடது கையில் தாமே சுட்டுக்கொண்டு, எதிரியின் குண்டு என்று கூறி வீடு திரும்பினார். இச்செயலைச் சரியென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் அவர் பிற்காலத்தில் இதை மறைக்கவுமில்லை. அடுத்த ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். கோர்நேலியா என்ற பெண்ணை மணந்தார்.

போருக்குப் பின் ஹங்கேரி சிதறிக் கிடந்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் பிராக், பெர்லின், ஹாம்பர்க், லைடன் என்று ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக ஏறி இறங்கி, 1922 இல் ஹாலந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் கால் ஊன்றினார். அங்கேதான் அந்தப் பழுப்பு நிறக் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

காயை அரியும்போது அதன் உயிரணுக்கள் உடைகின்றன. உள்ளேயுள்ள நொதிகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு சில பொருள்களை ஆக்ஸிஜனேற்றம் செய்ய, பழுப்பு நிறம் உண்டாகிறது. எலுமிச்சையில் இந்த நிறம் தோன்றாமல் தடுப்பது எது? செடியிலிருந்து எடுத்த பெராக்ஸிடேஸ் என்ற நொதியோடு பெராக்ஸைடையும் பென்ஸிடின் என்ற பொருளையும் சேர்த்தால் உடனே ஆழ்ந்த நீல நிறம் தோன்றும். ஆனால் அதில் சிறிது பழச்சாற்றைக் கலந்தால் நீலம் ஒரு விநாடி தாமதித்தே வந்தது. ஒரே ஒரு விநாடி! வேறொருவராயின் கவனித்தே இருக்க மாட்டார். அந்தச் சாற்றிலுள்ள ஏதோ ஒன்று, உண்டாகும் நீலத்தை உடனுக்குடன் அழித்துவிட்டுத் தானே தீர்ந்து போகிறது, அது தீர்ந்த பிறகுதான் நிறம் நிற்கிறது என்று அவர் அறிந்துகொண்டார். அதே தன்மையுள்ள பொருள் மாட்டின் அட்ரினல் சுரப்பியிலும் இருந்தது.

இவ்வகைப் பொருள்களையே இன்று ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் என்கிறோம். அவை செய்யும் வேலையைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். நாம் உண்ட உணவு உடலில் மெல்ல எரிந்து ஆற்றலாகிறது. அப்போது சில மூலக்கூறுகளில் ஓர் எலெக்ட்ரான் துணையின்றித் தனித்து நின்றுவிடும். அத்தகைய மூலக்கூறு பக்கத்திலுள்ளதிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். வகுப்பில் ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் பென்சிலைப் பிடுங்க, அவள் அடுத்தவளுடையதைப் பிடுங்க, கடைசிப் பெஞ்சு வரை கலவரம் பரவுவதைப் போல. அந்த நேரத்தில் இரண்டு பென்சில் வைத்திருக்கும் ஒருத்தி தானாக முன்வந்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் வகுப்பு அடங்கிவிடும் அல்லவா? வைட்டமின் சி அந்தப் பெண். எலெக்ட்ரானைக் கொடுத்த பின்னும் அது பிறரிடம் பாய்ந்து பிடுங்குவதில்லை. உடல் அதைப் பெரும்பாலும் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அது நீரில் கரைவது; வைட்டமின் இ கொழுப்பில் கரைவது. கொழுப்பில் காவல் காத்து எலெக்ட்ரானை இழந்த இ-க்கு அதைத் திருப்பிக் கொடுப்பதும் சி-யின் வேலைகளில் ஒன்று.

இவ்வளவும் அன்று யாருக்கும் தெரியாது. சென்ட் ஜியார்ஜியிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு விநாடி தாமதம்தான். அதற்குள் அவரை ஆதரித்த பேராசிரியர் காலமானார். அடுத்து வந்தவருக்கு இந்த ஆராய்ச்சியில் விருப்பமில்லை. வேலையும் போயிற்று. மனைவியையும் மகளையும் ஹங்கேரிக்கு அனுப்பிவிட்டு, வாழ்வே வெறுத்த நிலையில், 1926 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உடலியல் மாநாட்டுக்குச் சென்றார். அங்கே தலைமை உரை நிகழ்த்திய கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹாப்கின்ஸ், முன்பின் அறியாத இந்த ஹங்கேரியரின் பெயரைத் தம் உரையில் குறிப்பிட்டார். கூட்டம் முடிந்ததும் அவர் ஹாப்கின்ஸை அணுகித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள, கேம்பிரிட்ஜுக்கு அழைப்புக் கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் அட்ரினல் சுரப்பியிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தார். சர்க்கரை இனத்தைச் சேர்ந்தது என்பது தவிர அதைப் பற்றி எதுவும் தெரியாததால், எனக்குத் தெரியாது என்று பொருள்படும் ஒரு வேடிக்கைப் பெயரைச் சூட்டிக் கட்டுரை அனுப்பினார். பத்திரிகை ஆசிரியர் முகம் சுளித்தார். அப்படியானால் கடவுளுக்கே தெரியும் என்று பொருள்படும் இன்னொரு பெயரை எழுதி அனுப்பினார்! முடிவில் ஆசிரியர் சொன்னபடி ஹெக்ஸூரோனிக் அமிலம் என்ற சாதுவான பெயரோடு கட்டுரை 1928 இல் வெளிவந்தது. பின்னர் அமெரிக்கா சென்று, கசாப்புக் கூடங்களிலிருந்து ஏராளமான சுரப்பிகளை வாங்கிப் பாடுபட்டும் கிடைத்தது சுமார் 25 கிராம்தான். ஒரு பகுதியை வேதியியல் அறிஞர் ஹாவொர்த்துக்கு அனுப்பினார். அமைப்பைக் கண்டறிய அது போதவில்லை.

அவர் ஹங்கேரிக்குத் திரும்பி ஸெகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பின், 1931 இல் ஸ்விர்பெலி என்ற அமெரிக்க இளைஞர் வந்து சேர்ந்தார். இவர் பிட்ஸ்பர்க் நகரில் கிங் என்ற விஞ்ஞானியிடம் வைட்டமின் சி பற்றிப் பயின்றவர். ஸ்கர்வி என்னும் நோயில் ஈறு வீங்கி இரத்தம் கசியும், ஆறிய புண் மீண்டும் திறந்துகொள்ளும். நெடுங்கடல் சென்ற மாலுமிகள் இதனால் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747 இலேயே ஆரஞ்சும் எலுமிச்சையும் இதைக் குணமாக்கும் என்று காட்டியிருந்தும், அவற்றுள் இருக்கும் மருந்து இன்னதென்று தெரியவில்லை. பெரும்பாலான விலங்குகள் அதைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். மனிதராலும் கினிப் பன்றியாலும் முடியாது. ஸ்விர்பெலி கினிப் பன்றிகளுக்கு வேகவைத்த உணவையே கொடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் நாள்தோறும் ஒரு மில்லிகிராம் ஹெக்ஸூரோனிக் அமிலம் சேர்த்தார். அவை மட்டும் நலமாக இருந்தன. மற்றவை ஸ்கர்வி கண்டு இறந்தன. அலமாரியில் இத்தனை ஆண்டுகள் இருந்த பொருளே வைட்டமின் சி!

1932 ஏப்ரலில் கிங் எலுமிச்சைச் சாற்றிலிருந்து தாமும் அதைப் பிரித்ததாக இரண்டு வாரம் முந்தி அறிவித்துவிட்டார். யார் முதல்வர் என்ற வழக்கு நெடுநாள் ஓயவில்லை. கிங்கின் உழைப்பும் குறைந்ததன்று என்றே சொல்ல வேண்டும்.

இப்போது பொருள் வேண்டும், கிலோக் கணக்கில் வேண்டும். ஒருநாள் இரவு உணவுக்குக் கோர்நேலியா அம்மையார் பச்சையாகச் சிவப்புக் குடைமிளகாய் வைத்தார். கணவருக்கு அதைத் தின்ன மனமில்லை. மனைவியிடம் சொல்லவும் தைரியமில்லை. இதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே என்று சாக்குச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு நழுவினார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது, அது ஒரு புதையல் என்று. ஸெகெட் நகரமோ பாப்ரிகா மிளகாய்க்கே பெயர் பெற்ற ஊர்! சில வாரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் தூய படிகம் சேர்ந்தது. அதை விற்காமல், காப்புரிமை பற்றிக் கவலைப்படாமல், கேட்ட ஆராய்ச்சியாளர்க்கெல்லாம் அனுப்பினார். ஹாவொர்த் 1933 இல் அதன் அமைப்பைக் கண்டார். ஸ்கர்வியை எதிர்ப்பது என்ற பொருளில் அஸ்கார்பிக் அமிலம் எனப் பெயரிட்டார்கள். 1937 இல் சென்ட் ஜியார்ஜிக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது; ஹாவொர்த்தும் அதே ஆண்டு வேதியியல் பரிசில் பங்கு பெற்றார்.

இன்று கடைகளில் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்று அச்சிட்ட மாத்திரைகளும் பானங்களும் குவிந்து கிடக்கின்றன. காய்கனியில் நன்மை செய்வது மாத்திரையிலும் செய்யும் என்பது நிச்சயமில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1994 இல் வெளியானபோது, பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது.

அதே ஃபின்லாந்தை 1939 இல் ரஷ்யா தாக்கியபோது, சென்ட் ஜியார்ஜி தம் நோபெல் தங்கப் பதக்கத்தை அந்நாட்டு மக்களின் உதவி நிதிக்குக் கொடுத்துவிட்டார். 1943 இல் விரிவுரை ஆற்றச் செல்வதாகச் சொல்லி இஸ்தான்புல் சென்று, ஹங்கேரியைப் போரிலிருந்து விடுவிக்க நேச நாடுகளின் ஒற்றர்களோடு இரகசியமாகப் பேசினார். செய்தி கசிந்து ஹிட்லரின் கோபத்துக்கு ஆளானார். வீட்டுக் காவலிலிருந்து தப்பி, போர் முடியும் வரை ஒளிந்து வாழ்ந்தார். ஸ்வீடன் தூதரகம் அவருக்கு அந்நாட்டுக் குடிமகன் என்று சான்று கொடுத்துக் காத்தது. இத்தனைக்கும் நடுவே தசை சுருங்குவது எப்படி என்ற அரிய ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது!

போருக்குப் பின் தாய்நாட்டில் அமைந்த கம்யூனிஸ்ட் ஆதிக்கத்தோடு ஒத்துப்போக முடியாமல் 1947 இல் அமெரிக்கா சென்றார். கடலோரத்திலுள்ள வுட்ஸ் ஹோல் என்ற சிற்றூரில் ஆராய்ச்சியும் மீன்பிடிப்புமாக வாழ்ந்து, 1986 அக்டோபர் 22 ஆம் நாள், 93 ஆவது வயதில் மறைந்தார். ஃபின்லாந்துக்கு அவர் கொடுத்த பதக்கத்தை அந்நாட்டவர் ஒருவர் விலைக்கு வாங்கி ஹங்கேரிக்கே அளித்தார். அது புடாபெஸ்ட் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.