கனவும் சோதித்தறிதலும்: ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் வாழ்வு (1810–1867)

ஆய்வுச் சுருக்கம்

கண்ட கனவு இறைவனிடமிருந்து வந்ததா என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினா தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் 1860-இல் பெரும் பூசலாக எழுந்தது. அப்பூசலின் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். இக்கட்டுரை அவரது வாழ்வை இவ்வினாவின் வழியே தொகுத்துரைக்கிறது. கனவைச் சோதித்தறியும் அளவுகோல்கள் எவை, அச்சோதனையைச் செய்யும் உரிமை யாருக்கு உரியது என்னும் இரண்டையும் அவர் வாழ்வு ஒருசேர முன்வைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அருளப்பன், சொப்பனம், தரிசனம், எழுப்புதல், கிறிஸ்தியான்பேட்டை, கனாநூல்.

முன்னுரை

வருசநாட்டு மலைகள் இரு நிலப்பரப்புகளைப் பிரித்து நிற்கின்றன. மேற்கே வைகையின் பிறப்பிடமும், அதற்கப்பால் முல்லையாறும் சுருளியாறும் வளப்படுத்தும் கம்பம் பள்ளத்தாக்கும் உள்ளன. கிழக்கே சதுரகிரியின் அடிவாரத்தில் வத்திராயிருப்பும் திருவில்லிபுத்தூரும் உள்ளன. இன்று மேற்குப் பகுதி தேனி மாவட்டத்திலும் கிழக்குப் பகுதி விருதுநகர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்னது மதுரை மாவட்டத்தையும் பின்னது திருநெல்வேலி மாவட்டத்தையும் சேர்ந்திருந்தது. மிஷன் எல்லையும் இதை ஒட்டியே அமைந்தது. மதுரைப் பகுதியில் 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனும், திருநெல்வேலியில் சர்ச் மிஷனரி சங்கமும் பணியாற்றின. இவ்விரண்டு அமைப்புகளையும் சாராது, மலையின் கிழக்கு அடிவாரத்தில் அருளப்பன் உருவாக்கிய குடியிருப்பே கிறிஸ்தியான்பேட்டை. கனவு குறித்த பூசல் அங்கிருந்தே புறப்பட்டது.

தமிழ் மரபில் கனவு

அருளப்பனின் சபையினர் கனவைப் பற்றிய கருத்து ஏதுமற்ற வெற்றிடத்தில் வாழவில்லை. கனவின் பயனை ஆராயும் தனித்துறையே தமிழில் இருந்தது. பொன்னவன் இயற்றிய கனாநூலைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் எடுத்தாள்கிறார். இரவின் எந்தச் சாமத்தில் கண்ட கனவு எத்துணைக் காலத்தில் பயன் தரும் என்பதை அம்மரபு வகுத்துரைத்தது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், கோப்பெருந்தேவி ஆகிய மூவரின் கனவுகளும் நிகழ்வுகளால் மெய்ப்பிக்கப்படுகின்றன. கண்ணகியின் கனவைக் கேட்ட தேவந்தி நீராடிக் காமவேளைத் தொழுமாறு கூற, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். கனவு மெய்யாகலாம். ஆயினும் அதற்காக எதையும் செய்துவிட இயலாது என்னும் அறவுணர்வு அங்கே வெளிப்படுகிறது. திருவில்லிபுத்தூரிலேயே ஆண்டாள் தன் மணவினையைக் கனவாகப் பாடினாள். அங்குக் கனவு வருவதுரைக்கும் குறியாக அன்றிப் பத்தியின் உச்சநிலையாக விளங்குகிறது.

விவிலியத் தமிழ் இக்கனவைச் ‘சொப்பனம்’ என்றும், விழிப்பில் காண்பதைத் ‘தரிசனம்’ என்றும் பிரித்து வழங்கியது. விவிலியத்திலும் கனவு குறித்து ஒரே நிலைப்பாடு இல்லை. மத்தேயு நற்செய்தியில் யோசேப்பு கனவின்வழி வழிநடத்தப்படுகிறார். யோவேல் நூல் முதியோர் கனவு காணும் காலத்தை வாக்களிக்கிறது. எரேமியாவோ கனவைப் பதருக்கும் இறைவாக்கைக் கோதுமைக்கும் ஒப்பிடுகிறார். பிரசங்கி நூல் தொல்லையின் மிகுதியால் கனவு பிறக்கும் என்கிறது. உபாகமம் மேலும் ஒருபடி செல்கிறது. கனவுகாண்பவன் சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் வேறு தெய்வத்தின்பால் அழைப்பானாயின் ஏற்கலாகாது. கனாநூல் மரபில் பலித்தலே சான்று. உபாகமத்தின் நோக்கில் பலித்தல் மட்டும் போதாது. இவ்வேறுபாடு அருளப்பனின் வாழ்வைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

இளமையும் கல்வியும்

அருளப்பன் 1810-இல் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள உக்கிரன்கோட்டையில் பிறந்தார். தம் பதினைந்தாம் அகவையில் பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயர் நடத்திய கல்விக்கூடத்தில் சேர்ந்தார். செருமானியரான இரேனியுஸ் தமிழில் ஆழ்ந்த புலமை உடையவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தவர். விவிலியத்தைத் தாய்மொழியில் நுணுகிப் படித்துப் பொருள்காணும் பயிற்சியை அருளப்பன் பெற்றது இச்சூழலில்தான். பின்னாளில் சபையாரின் கனவுகள் அவர்முன் வைக்கப்பட்டபோது அவர் கையிலிருந்த அளவுகோல் இப்படிப்பே ஆகும்.

1833-இல் ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் பாக்தாதிலிருந்து இந்தியா வந்து திருநெல்வேலியையும் பார்வையிட்டார். ஆங்கிலப் பல் மருத்துவரான அவர் தொழிலை விட்டு, நிலையான ஊதியமின்றி இறைவனையே நம்பி ஊழியம் செய்யப் புறப்பட்டவர். குருத்துவப் பட்டமோ மிஷன் அமைப்போ இன்றி நம்பிக்கையாளர் கூடி வழிபடலாம் என்பது அவர் கொள்கை. அருளப்பன் அவருடன் இணைந்து பயணம் செய்தார். 1835-இல் திருச்சபை ஒழுங்கு பற்றிய கருத்து வேறுபாட்டால் இரேனியுஸ் சர்ச் மிஷனரி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆசிரியர், வழிகாட்டி ஆகிய இருவருமே அமைப்பின் அதிகாரத்திற்கு அப்பால் மனச்சான்றின் உரிமையை வலியுறுத்தியவர்கள் என்பது அருளப்பனின் பிற்கால நிலைப்பாட்டை விளக்குகிறது.

கிறிஸ்தியான்பேட்டை

மிஷன் ஊதியத்தை ஏற்காது வாழத் துணிந்த அருளப்பன், 1840-களின் தொடக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டைக் குடியிருப்பை அமைத்தார். வேளாண்மை, பள்ளி, வழிபாடு ஆகியவை ஒன்றிணைந்த சிற்றூராக அது வளர்ந்தது. அங்கிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்கு நற்செய்தியாளர் சென்றுவந்தனர். அருளப்பனின் மடல்களும் நாட்குறிப்புகளும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஆங்கில இதழ்களில் வெளியாயின. ஜி. எச். லாங் அவற்றைத் திரட்டி 1939-இல் நூலாக்கினார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அருளப்பனின் வாழ்வில் அறியப்படும் பெருந்திருப்பங்களான ஊதியம் துறந்தது, குரோவ்ஸுடன் இணைந்தது, குடியிருப்பு அமைத்தது ஆகியவை படிப்பும் பழக்கமும் நெடிய சிந்தனையும் சேர்ந்து உருவாக்கியவை. கனவுக்கு இடமளித்தவர் என அறியப்படும் ஒருவர் கனவை வாழ்வின் அடித்தளமாக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

1860: எழுப்புதலும் பூசலும்

அமெரிக்காவிலும் வட அயர்லாந்திலும் 1857 முதல் 1859 வரை எழுந்த சமய எழுச்சிகளின் செய்தி அருளப்பனுக்கு எட்டியிருந்தது. தம் சபையிலும் அத்தகைய அருள்பொழிவு நிகழவேண்டும் என அவர் மன்றாடி வந்தார். 1860 மே மாதத் தொடக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் அது நிகழ்ந்தது. மக்கள் மார்பில் அறைந்துகொண்டு அழுதனர், நடுங்கி வீழ்ந்தனர், தம் பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டனர். சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர். சிலர் தரிசனம் கண்டனர். சூன் மாதத்தில் அறியாத மொழிகளில் பேசுதலும் அதற்குப் பொருள் கூறுதலும் தோன்றின. ஆண், பெண், இளையோர், முதியோர் என்னும் வேறுபாடின்றி இவை நிகழ்ந்தன.

சிலப்பதிகாரத்தில் கதையின் போக்கைச் சுட்டும் கனவுகள் அரசிக்கும் வணிகர்குலத் தலைமக்களுக்கும் உரியவை. 1860-இல் கூலிக்காரரும் பெண்களும் கண்டது சபையின் நடுவே செவிமடுக்கப்பட்டது. ஊழியக்காரர்மேலும் ஊழியக்காரிகள்மேலும் ஆவி பொழியப்படும் என்னும் யோவேலின் வாக்குறுதி அவர்களுக்குச் சமூகப் பொருளும் உடையதாயிற்று.

எழுச்சி விரைவில் வட திருநெல்வேலிக்குப் பரவியது. அங்கு ராக்லண்டு 1854-இல் சிவகாசியை நடுவாகக் கொண்டு தொடங்கிய சுற்றுப்பயண ஊழியம் நடைபெற்று வந்தது. அவர் 1858-இல் மறைந்தபின் உடன்பணியாளர்கள் அதைத் தொடர்ந்தனர். எழுச்சியைக் கண்ட மிஷனரிகள் இருமனப்பட்டனர். உடல் நடுக்கமும் தரிசனமும் உணர்ச்சி மிகுதியாலோ பழைய சாமியாட்டப் பழக்கத்தாலோ விளைந்தவையாக இருக்கக்கூடும் என ஐயுற்றனர். மறுபுறம், பாவ அறிக்கையும் ஒழுக்க மாற்றமும் மறுக்கவொண்ணாதவையாக இருந்தன. ஆஷ்டன் டிப் போன்றோர் இதைப் பதிவுசெய்தபோது, அயல்நாட்டார் தலைமையும் பணமும் இன்றி இம்மண்ணின் மக்களாலேயே இயக்கம் நடைபெற்றதைச் சிறப்பாகக் குறித்தனர்.

அருளப்பனோ, ஆவியின் வரங்களை மிஷனரிகளுள் சிலர் ஒப்புகின்றனர், சிலர் ஆவியை அவிக்க முயல்கின்றனர் என வருந்தினார். அவர் கையாண்ட சொல்லாட்சி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலை நினைவூட்டுவது. ஆவியை அவிக்காதிருத்தல், தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருத்தல், எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அம்மடலில் அடுத்தடுத்து வருகின்றன. அருளப்பன் முதலிரண்டையும் அழுத்தினார். ஐயுற்ற மிஷனரிகள் மூன்றாவதை அழுத்தினர். ஒரே மறைப்பகுதியின் இரு பாதிகளை இரு தரப்பினரும் பற்றிநின்றனர் எனலாம்.

சோதனையின் அளவுகோல்கள்

இரு தரப்பையும் ஒப்பிடும்போது நான்கு அளவுகோல்கள் புலப்படுகின்றன. முதலாவது, மறைநூல். கனவின் பொருள் மறைநூலுக்கு முரணாயின் அது எத்துணைத் தெளிவாயினும் தள்ளத்தக்கது. இரண்டாவது, சபை. தீர்க்கதரிசிகள் பேச மற்றையோர் நிதானிக்கவேண்டும் எனக் கொரிந்தியருக்கு எழுதிய மடல் கட்டளையிடுகிறது. தனியொருவரின் கனவு அவரது தனியுடைமையாக நில்லாது, பலர் ஆராயும் பொதுப்பொருளாகிறது. மூன்றாவது, கனி. அழுகையைவிட அழுகைக்குப்பின் வரும் நடத்தையே சான்றாகிறது. மிஷனரிகளும் இறுதியில் இவ்வளவுகோலையே நாடினர். நான்காவது, காலம். அன்றே முடிவு கூறாது பொறுத்திருந்து காண்பதும் ஒரு சோதனையே.

அளவுகோல்களில் கருத்தொற்றுமை இருக்க, பூசல் எங்கே எழுந்தது? சோதிப்பவர் யார் என்பதில் எழுந்தது. ஊதியமும் பட்டமும் பெற்ற அயல்நாட்டார் மட்டுமே நிதானிக்க வல்லவர் எனின், சிற்றூர்ச் சபை என்றும் சோதிக்கப்படும் பொருளாகவே இருக்கும். பட்டமில்லாத அருளப்பன் தம் சபையே நிதானிக்கவும் வல்லது என வாழ்ந்து காட்டினார். இதில் ஓர் இடரும் உண்டு. எழுச்சியை விரும்பி வேண்டியவரே அதை நிதானிக்கும் நிலையிலும் இருந்தார். விழைவு தீர்ப்பைச் சாயச் செய்யக்கூடும். வெளியிலிருந்து வந்த ஐயம் அவ்வகையில் சபைக்குத் தேவையான எதிர்நிறையாகவும் அமைந்தது.

அருளப்பனுக்குப்பின்: 1881-இன் படிப்பினை

அருளப்பன் 1867-இல் மறைந்தார். எழுச்சியின் அலை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் திருவிதாங்கூரிலும் 1870-களில் எழுந்தது. அங்குத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமையராகப் பிறந்து, 1861-இல் திருமுழுக்குப் பெற்று, சர்ச் மிஷனரி சங்கத்தில் குருவான ஜஸ்டஸ் ஜோசப் அதன் தலைமகன் ஆனார். வித்துவான் குட்டி என அறியப்பட்ட அவர் பாடிய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. 1875-இல், ஆறாண்டுகளில் கிறிஸ்து மீண்டும் வருவார் என்னும் வெளிப்பாடு அவ்வியக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அவர் அதை ஏற்றார். நம்பியோர் தனிச்சபையாகப் பிரிந்தனர். குறித்த 1881-ஆம் ஆண்டு வந்து கடந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. நம்பியோர் பலர் சிதறினர்.

நாள் குறித்தல் மறைநூலே விலக்கிய ஒன்று. ஆகவே முதல் அளவுகோலிலேயே அவ்வெளிப்பாடு தவறியது. காலமாகிய நான்காவது அளவுகோல் அதைப் பின்னர் உறுதிசெய்தது. உபாகமம் பலித்தல் மட்டும் போதாது என்றது; அதுவே பலியாததை இறைவன் உரைக்கவில்லை என்றும் கூறியது. அன்பும் பத்தியும் கவிவன்மையும் வாய்ந்த ஒருவரும் இதில் பிழைக்கக்கூடும் என்பதே 1881-இன் படிப்பினை. நன்மக்களின் கனவாயினும் சோதனைக்கு உட்பட்டதே.

முடிவுரை

அருளப்பனின் வாழ்வை வெறும் எழுச்சி வரலாறாகக் கொள்வது குறையுடையது. எளிய மக்களின் கனவை முன்கூட்டியே தள்ளாதிருந்தமையும், தம் வாழ்வின் பெருமுடிவுகளைக் கனவின்மேல் கட்டாதிருந்தமையும் அவரிடம் ஒருங்கே காணப்படுகின்றன. கனாநூல் மரபு கனவு எப்போது பலிக்கும் எனக் கேட்டது. விவிலிய மரபு, அக்கனவு யாரிடம் அழைத்துச் செல்கிறது எனக் கேட்டது. கிறிஸ்தியான்பேட்டையில் இவ்விரு மரபுகளும் ஒரே மக்களின் உள்ளத்தில் சந்தித்தன.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகள் உள்ளிட்ட தமிழகத் திருச்சபைகளில் கனவைச் சாட்சியாக உரைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. திருமணமும் தொழிலும் மருத்துவமும் கனவின் பேரால் முடிவுசெய்யப்படும்போது, 1860-இன் வினா மீண்டும் உயிர்பெறுகிறது. கண்டவரை இகழாமலும் கண்டதை ஆராயாமல் ஏற்காமலும் இருக்கும் சபையே அவ்வினாவை எதிர்கொள்ள வல்லது. மலையின் கிழக்கு அடிவாரத்துச் சிற்றூர் ஒன்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அம்முயற்சியைத் தன் பொறுப்பில் மேற்கொண்டது என்பதே தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் அருளப்பனுக்குரிய இடத்தை உறுதிசெய்கிறது.