இருபது அடியில் தவறிய குறி
(ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை)



என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் பிடித்துவிட்டு வரும் நம் நண்பர்கள், கடலூரில் பஸ் ஏறினால் சிதம்பரம் வந்து இறங்கும்வரை அதே கதையைத்தான் அளப்பார்கள். 25 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்ததாம்! உடனே ஒருவன், 300 மீட்டரில் நிற்கும் மானை அடிக்க முடியுமா என்று ஆரம்பிப்பான். அவ்வளவுதான், பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிடும்.

நாம் படித்த கணக்கையே போட்டுப் பார்ப்போமே. குண்டின் வேகம் நொடிக்கு 750 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் போக 0.4 நொடி ஆகும். அரை ஜி டி ஸ்கொயர் போட்டால், அதற்குள் குண்டு சுமார் 78 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். காற்றின் தடையைச் சேர்த்தால் இன்னும் அதிகம். பக்கக்காற்று வேறு தள்ளும். அந்த 0.4 நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைத்தால்? நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் பாயும். தூரத்துக் குறிக்குத் தயாராவது என்றால் இத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். இதை எழுதும்போதுதான் ஜிம் கார்பெட் நினைவுக்கு வருகிறார்.

கார்பெட் 1875 ஜூலை 25-ல் நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் போஸ்ட் மாஸ்டர். மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். சிறுவனின் முதல் ஆயுதம் கவண், அடுத்தது வில். அப்புறம் கிடைத்தது ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதிலும் ஒரு குழல் வெடித்துப் போனது! மருந்தும் குண்டும் சும்மா வருமா? வீணாக்கக் கூடாதென்றால் கிட்டப்போக வேண்டும்; கிட்டப்போக வேண்டுமென்றால் காட்டைப் படிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புள்ளிமான் எதைக் கண்டு குரல் கொடுக்கிறது, காலடித் தடம் எத்தனை நேரத்துக்கு முந்தியது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

நம்மைப் போலவே சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய குடும்பம் அது. பதினெட்டு வயசு வாக்கில் ரயில்வேயில் சேர்ந்து, எஞ்சினுக்கு விறகு வெட்டும் பணியை மேற்பார்த்தார். பிறகு மொகாமே காட்டில் (இது படித்துறை, வனம் அல்ல) சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுடக் கூப்பிட்டார்கள். நேபாளத்திலும் குமாயுனிலும் அது கொன்றவர்கள் 436 பேர். கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார்: பரிசுத்தொகை அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு முன்யோசனை உள்ளவர், கடைசி நாளில் மூன்றே தோட்டாவுடன் நின்றார். மூன்றும் தீர்ந்தது, புலி விழவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் குழலும் பின்கட்டையும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தன. சுமார் இருபது அடியில் புலியின் வாய்க்குக் குறிவைத்தார், பட்டதோ காலில்! முன்பு பாய்ந்த குண்டுகளாலேயே புலி செத்தது. பட்டறையில் டாலரன்ஸ் பற்றி நம் ஆசிரியர்கள் ஏன் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

செத்த புலியின் வாயைப் பார்த்தார் கார்பெட். வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ, யாரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரைப் பிடிக்கத் தொடங்கியது அது. சுட்டவர் மறந்துபோயிருப்பார். விலை கொடுத்தவர்கள் 436 குடும்பத்தார்.

அந்த வேட்டைக்குப் பாராட்டாக மாகாண லெப்டினன்ட் கவர்னர் .275 ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-ல் கார்பெட் அதனால்தான் வீழ்த்தினார். தூரத்துச் சூட்டை அவர் அறவே ஒதுக்கியவர் அல்ல. எதிர் மலைச்சரிவில் இருந்த கோரல் என்னும் காட்டாட்டை, கூட வந்தவர்களின் சாப்பாட்டுக்காகச் சுட்டதுண்டு. ஆனால் வீம்புக்குச் சுடவில்லை. போகப்போகத் துப்பாக்கியைவிடக் காமிராவையே விரும்பினார். 1936-ல் உருவான இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1947-ல் கென்யா சென்றவர், 1955 ஏப்ரல் 19-ல் அங்கேயே மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற நூலைத் தி.ஜ.ர. தமிழில் தந்திருக்கிறார், கிடைத்தால் விடாதீர்கள்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே நம் பஸ் விவாதம் விவாதமாகவே இருக்கட்டும். ஆனால் நாளை நம் கையில் லேத்தும், வெல்டிங் டார்ச்சும், ஹை வோல்டேஜ் லைனும் வரப்போகின்றன. அரைகுறையாகச் செய்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வேலை எங்கேயோ, யார் உயிரையோ தேடிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து அடிப்பாய் என்று கேட்பதை விடுவோம். எவ்வளவு கிட்டப்போய்த் தெரிந்துகொண்டாய் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.